மழை இல்லாத ஊரில் ஓர் அறை

நான் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. சூயஸைப் பார்த்ததில்லை. ஒட்டகத்தைக்கூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் 1930களில் மலாயாவின் ஜொகூரிலிருந்து எகிப்துக்குப் போய்ப் பாலைவனம் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலருக்குத் தங்குமிடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஜொகூர் பாரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் ஏஜென்சி. அதில் எனக்கு பேசேஜ் கிளார்க் வேலை. பேசேஜ் கிளார்க் என்றால் கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பவன், வழியில் இறங்குகிறவர்களுக்கு ரயில், ஓட்டல் எல்லாம் ஏற்பாடு செய்பவன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "நீங்களே போகாத ஊருக்கு எப்படி ஆள் அனுப்பினீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கல்யாணத் தரகர் தான் பார்த்துவைத்த பெண்ணைத் தானே கட்டிக்கொண்டா தரகு பார்க்கிறார்? இந்தக் குறிப்பு அந்தப் பிள்ளைகளுக்காக.

1. அறை இல்லை

காலையில் ஆபீஸ் திறந்ததும் தந்தி வந்தது. "வருந்துகிறோம். அந்தத் தேதிகளில் அறை இல்லை."

அனுப்பியது கெய்ரோவுக்குத் தெற்கே பாலைவன ஓரத்தில் இருந்த ஒரு பெரிய ஓட்டல். பெயர் வேண்டாம். அதே தேதிகளுக்கு அதே ஓட்டலில் முந்தின வாரம்தான் சிகாமட் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் அறை கேட்டிருந்தேன். கேட்ட மறுநாளே கிடைத்துவிட்டது. என் இரண்டு தந்திகளுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். முதலாவதில் வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. இரண்டாவதில் செல்லத்துரை என்ற தமிழ்ப் பெயர் இருந்தது.

தந்தியை எங்கள் மேனேஜர் ஹட்டன் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்பு பத்து பாகாட் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக, இருந்தவர். தமிழ் அங்கே கற்றது. அந்தத் தமிழில் எல்லோரும் 'நீ'தான். அதில் அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. வேறு வார்த்தை தெரியாது, அவ்வளவுதான்.

"முத்து, என்னா இது? ரூம் இல்லேன்னு சொல்றான்?"

"சிகாமட் துரைக்கு இருந்துச்சு, சார்."

அவர் தந்தியை மறுபடி படித்தார். பிறகு தன் சொந்தப் பெயரில், அதே தேதிகளுக்கு, மனைவியோடு வருவதாக ஒரு தந்தி அடிக்கச் சொன்னார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மறுநாள் பதில் வந்தது. அறை தயார், பாலைவனத்தைப் பார்த்த பக்கமே தருகிறோம் என்று இருந்தது.

துரையின் காது சிவந்துவிட்டது. "பொய்க்காரப் பயல்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஆச்சரியம் வரவில்லை. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் எந்தக் கிளப் படியில் யார் ஏறலாம் என்று தெரிந்து வளர்ந்தவன் நான். என் கவலை வேறு. கப்பலுக்கு அதிக நாள் இல்லை. செல்லத்துரைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை.

2. வெறும் நிலம் கேட்டவர்

செல்லத்துரை யாழ்ப்பாணத்தார். சர்வே இலாகாவில் ஜொகூர் முழுதும் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். தம்போய் கம்பத்தில், அதாவது கிராமத்தில், சொந்த வீடு. மனைவி நேசம்மா. பிள்ளைகள் இல்லை. ஞாயிறு தவறாமல் இருவரும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அதனால் அவர் முதல் நாள் வந்து எகிப்து என்றதும் நான், "அப்படியே ஜெருசலேமா, ஐயா?" என்று கேட்டேன்.

"அது மனிசியின்ரை ஆசை, தம்பி. எனக்கு வெறும் நிலம் வேணும்."

"வெறும் நிலமா?"

"ஓம். உவ்வளவு காலமும் இந்த நாட்டைக் காட்டுக்குள்ளை நிண்டு அளந்தனான். ஒருநாளாவது அம்பது அடிக்கு அங்காலை என்ன கிடக்கெண்டு கண்டதில்லை. மரம், கொடி, சேறு, அட்டை. ரெந்திஸ் வெட்டினால்தான் அடுத்த பெக்குத் தெரியும். மறைப்பில்லாத தரை, இங்கையிருந்து வானம் தொடுற இடம்மட்டும், ஒருக்கால் பாக்கவேணும்."

ரெந்திஸ் என்பது அளவைக் கோட்டுக்காகக் காட்டுக்குள் நேராக வெட்டும் ஒடுங்கிய பாதை. ஒரு பெக்குக்கும், அதாவது முளைக்கும், அடுத்த பெக்குக்கும் நடுவே பார்வை போக வேண்டும் என்பதற்காக மரங்களைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். மூன்று மாதம் விட்டுவிட்டுப் போனால் காடு அதை மூடிவிடும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அதுக்கு எகிப்து எதுக்குங்க ஐயா? மெர்சிங் போனா கடல் தெரியுமே, வானம் தொடுற இடம் வரைக்கும்" என்றேன்.

"கடலிலை பெக்கு நிக்குமோ?" என்று கேட்டார்.

நேசம்மாவும் கூட வந்திருந்தார். இப்போது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இவருக்குக் கண் போகுது, தம்பி. சிங்கப்பூர் டொக்டர் சொல்லிப்போட்டார். பக்கமெல்லாம் இருண்டுபோய், இப்ப குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரித்தான் நேரே தெரியுது. பொழுதுபட்டால் அதுவுமில்லை. வாற வருசம் இந்த நேரம் என்ன மாதிரியோ சொல்லேலாதாம்."

செல்லத்துரை, "நேரே பாக்கத்தானே போறம்" என்றார். அந்தப் பேச்சை அவர் அதற்கு மேல் வளர்க்க விடவில்லை.

நேசம்மாவுக்குப் பாலைவனத்தில் ஒரு ஆசையும் இல்லை. பயம்தான் இருந்தது. தெரியாத பாஷை பேசும் ஊரில், இருட்டினால் பார்வை இல்லாத ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும் பயம். அதனால் அவர் நிபந்தனை போட்டார். அறை தரையோடு இருக்க வேண்டும். படி ஏறி இறங்கக் கூடாது. பாலைவனம் பக்கத்தில் இருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

செல்லத்துரையும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "ஆத்துக்கு எந்தக் கரையிலை வேலையோ அந்தக் கரையிலைதான் முகாம். மேலை மழை பெய்தால் பின்னேரம் ஆறு ஏறிப்போடும். அங்காலை நிண்டவன் அங்காலைதான்."

"நைல் நதியில நல்ல பாலம் இருக்குங்க ஐயா."

"பாலம் இருக்கும், மழை பெய்யும்மட்டும்."

3. குறை சொன்னவர்

பெட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்களுக்கு ஏற்ற தங்குமிடத்தைத் தொழிலில் 'பேஸ்' என்போம். எகிப்தில் பாலைவனத்துக்கு பேஸ் வேண்டும் என்றால் அப்போது மூன்று வழிகள். கெய்ரோ நகரத்துக்குள் தங்கலாம். சாப்பாடும் நடனமும் உண்டு, ஆனால் வெறும் நிலத்துக்குப் போய் வருவதற்குள் பாதி நாள் தெருக்களிலேயே போய்விடும். பிரமிடுக்கு அடியில் தங்கலாம். ஜன்னலைத் திறந்தால் பிரமிடு, கதவைத் திறந்தால் ஒட்டகக்காரர்கள். அதுவும் நதிக்கு மேற்கே, ரயிலிறங்கிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். மூன்றாவது, கெய்ரோவுக்குத் தெற்கே, நதிக்குக் கிழக்கே, கந்தக ஊற்றில் குளிக்க நோயாளிகள் வந்து தங்கும் சிற்றூர். ரயில் போகும். தெரு முடிகிற இடத்தில் பாலைவனம் ஆரம்பம். எங்களுக்கு அறை இல்லை என்று சொன்ன ஓட்டல் அந்த ஊரில்தான் இருந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரத் தாள்களை நான் நம்புவதில்லை. எல்லா ஓட்டலும் தாளில் அரண்மனைதான். திரும்பி வருகிறவர்களைக் கேட்பேன். அவர்களிடமும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கக் கூடாது. அவ்வளவு செலவழித்துப் போய் வந்தவர் நன்றாக இல்லை என்று சொல்லித் தன்னையே முட்டாளாக்கிக்கொள்ள மாட்டார். நான், "அங்க சாயங்காலம் நாலு மணிக்கு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்பேன். அதற்கு முன்கூட்டியே தயார் செய்த பதில் யாரிடமும் இருக்காது.

ஹட்டன் துரை யோசித்து ஒரு வழி சொன்னார்.

"நீ அந்த ரூமை விடாதே. என் பேர்லயே இருக்கட்டும். செல்லத்துரை போயி நிக்கட்டும். வாசல்ல வந்த ஆளை வெளியே போன்னு சொல்லுவானா?"

"சொல்லுவான், சார்."

"சொன்னா நான் கேஸ் போடுறேன்."

"கேஸ் இங்க நடக்கும், சார். அவங்க அங்க நிப்பாங்க. ரயில் போய்ச் சேர்ற நேரம் பொழுது சாயுற நேரம்."

துரை தன் அறைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் வாடிக்கையாளரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. தம்போய்க்கு ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்து, வந்த தந்தி, துரை சொன்ன வழி, இரண்டையும் சொன்னேன்.

செல்லத்துரை எழுந்து நின்றுவிட்டார். "நான் கையெழுத்து வைச்ச பிளானை நம்பித்தான் இந்த நாட்டிலை பாதிப்பேர் காணி வாங்கி வித்தவை. இன்னொருத்தன்ரை பேரிலை போய் நான் படுக்கமாட்டன்."

நேசம்மா அவர் சட்டையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். பிறகு என்னிடம், "அப்ப விடுவம், தம்பி. கப்பல்காரருக்கு அறிவிச்சிடுங்கோ" என்றார். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரியும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கணவரின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல்காரருக்கு அறிவிப்பதற்காகப் பென்சிலை எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அந்த ஊர் விஷயங்களையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டினேன். அப்போதுதான் பத்து பாகாட் இஞ்சினியர் நினைவுக்கு வந்தார்.

அவர் ஒரு ரப்பர் ஆலையில் வேலை பார்த்த இளவயதுக்காரர். இரண்டு வருடங்களுக்கு முன் அதே ஊரில் பெரிய ஓட்டலில் உண்மையாகவே இடம் இல்லாமல் போய், ஒரு கிரேக்க அம்மா நடத்திய சின்ன விடுதியில் மாட்டிக்கொண்டவர். திரும்பி வந்து எங்கள் ஆபீசில் நின்று திட்டித் தீர்த்தார். பார் கிடையாது, நடனம் கிடையாது. மாடி என்பதே இல்லை. எல்லாம் தரையோடு தரையாகத் தொழுவம் மாதிரி இருக்கிறது. தங்குகிறவர்கள் எல்லாம் வயதான நோயாளிகள், சிரியாக்காரன், ஆர்மீனியன், இந்தியன் என்று கலந்துகட்டிச் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மா ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அறைவரை கொண்டுபோய் விடுகிறாள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் மண். இதுதான் அவர் குற்றப்பத்திரிகை.

அந்த ஒவ்வொரு குறையையும் நான் இருவருக்கும் சொல்லச் சொல்ல, செல்லத்துரை முன்னால் சாய்ந்து கேட்டார். "வெறும் மண்ணோ? உண்மையாத்தானோ?" என்று இரண்டுமுறை கேட்டார்.

"கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விடுறவவோ?" என்று நேசம்மா கேட்டார்.

பெயரை முழுதாக எழுதித் தந்தி அடித்தேன். செல்லத்துரை, நேசம்மா, யாழ்ப்பாணத் தமிழர், ஜொகூர். கண் பார்வை குறைவு என்றும் சேர்த்தேன். மதாம் எலெனி என்ற அந்த அம்மாவின் பதில் வந்தது. "வரலாம். அறையில் கணப்பு வேண்டுமா?"

"பாலைவனத்திலை நெருப்பு என்னத்துக்கு?" என்று நேசம்மா சிரித்தார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கம்பளி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவரின் மனைவி எகிப்தில் நம் ஊர் வழக்கப்படி வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்கி, தை மாதம் முழுதும் போர்வைக்குள் நடுங்கிய கதை எனக்குத் தெரியும்.

4. இரண்டு மணி

கப்பல் ஏறுவதற்கு முன் செல்லத்துரை தினசரி அட்டவணை ஒன்று போட்டுக் காட்டினார். அதிகாலையில் புறப்பாடு. கழுதை வண்டி. உச்சிக்குள் வேலை முடிய வேண்டும். இரண்டு மணிக்குள் முகாம். ஹட்டன் துரை அதைப் பார்த்து, "குட்" என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. ஜொகூரில் வெளிவேலை செய்கிறவன் எவனும் அப்படித்தான் செய்வான்.

பங்குனியில் திரும்பி வந்தார்கள். ஆபீசுக்கு வந்தபோது நேசம்மா அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். போனபோது அவருக்கு அந்தப் பிடி தேவைப்படவில்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

செல்லத்துரை மனைவி பக்கம் திரும்பினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"முதல் கிழமை அறைக்குள்ளை இருந்தனாங்கள்" என்றார் நேசம்மா. "மழை பாத்துக்கொண்டு."

முதல் வாரம் இப்படிப் போயிருக்கிறது. விடியற்காலையில் பல் கிட்டும் குளிரில் புறப்படுவார்கள். வெயில் ஏறினால் மண் முழுதும் வெள்ளையாகக் கூசும். செல்லத்துரையின் கண்ணுக்கு அந்தக் கூச்சத்தில் தரையும் வானமும் ஒன்றாகிவிடும். தேடி வந்த கோடு தெரியாது. அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்பார். உச்சி தாண்டியதும் கடிகாரத்தைப் பார்த்து, "வெளிக்கிடுவம்" என்பார். இரண்டு மணிக்கு அறை. பிறகு இரவுவரை ஜன்னலோர நாற்காலிதான். இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் காணாமல் திரும்பப்போகிறோம் என்று அவர் நினைப்பது நேசம்மாவுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மதாம் எலெனி பொறுக்காமல் கேட்டிருக்கிறார்: எல்லோரும் வெளியே போகும் நேரத்தில் நீங்கள் இருவரும் ஏன் ஓடி ஓடி உள்ளே வருகிறீர்கள்?

"நான் சொன்னன், மழை வரும் எண்டு" என்றார் செல்லத்துரை.

"அந்த மனிசிக்கு விளங்கேல்லை" என்று நேசம்மா தொடர்ந்தார். "திருப்பிச் சொல்லச் சொன்னா. பிறகு சமையல்காரனைக் கூப்பிட்டா, கழுதைக்காரனைக் கூப்பிட்டா. எல்லாருக்கும் சொல்லிக் காட்டினா. சிரிச்சுச் சிரிச்சு அவவின்ரை கண்ணிலை தண்ணி. இவர் விடேல்லை. கடைசியா நனையிற மழை எப்ப பெய்தது எண்டு கேட்டார். சமையல்காரன் யோசிச்சுப்போட்டு, தன்ரை மகன் பிறந்த வருசம் எண்டான். மகன் பக்கத்திலை நிண்டு வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தான், மீசையோடை."

ஹட்டன் துரை உள்ளறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "ஆமா! டெசர்ட்ல ஏது மழை?" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். படித்தவர், அளந்தவர், ஆள் அனுப்புகிறவன் என்று இத்தனை பேர் பார்த்த அட்டவணை அது. பாலைவனம் என்றால் மழை இல்லாத இடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் தினமும் பிற்பகலில் மழை கொட்டும் ஜொகூரில், உச்சி தாண்டினால் வீட்டுக்கு ஓடு என்று உடம்பு படித்துவைத்த பாடம் வேறு.

அன்று அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தே போயிருக்கிறார்கள். சமையலறைச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மாலையில் வெயில் சாய்ந்ததும் கூச்சம் அடங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் நீளமாக நிழல் விழுந்தது. தரை ஒரு நிறம், வானம் ஒரு நிறம் என்று பிரிந்தது.

"கோடு எண்டால் அதுதான் கோடு, தம்பி" என்றார் செல்லத்துரை. கவுன்ட்டரின் விளிம்பில் விரலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் காட்டினார். "ஒரு மரமில்லை. ஒருத்தரும் வெட்டித் திறக்கேல்லை. அதுபாட்டுக்குக் கிடந்தது. எனக்கு நேரேதானே தெரியும், அதாலை கழுத்தைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாப் பாத்து முடிச்சனான்."

"பொழுது சாய்ஞ்சு போயிருக்குமே, அம்மா. பயமா இல்லையா?" என்று நேசம்மாவைக் கேட்டேன்.

"திரும்புவம் எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லேல்லை. அவர் பாக்கட்டும் எண்டு நிண்டன்" என்றார். பிறகு பேச்சை மாற்றிக் ஜெருசலேமுக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிச் சொன்னார்.

5. இரண்டாவது பயணம்

ஒன்றரை வருடம் கழித்து, மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், நேசம்மா தனியாக ஆபீசுக்கு வந்தார். செல்லத்துரைக்குப் பார்வை முழுதும் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நேசம்மா உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்:

"திரும்பப் போகவேணும், தம்பி. அதே இடம், அதே மதாம்."

"யாருங்க அம்மா போறது?"

"நாங்கள்தான். அவரும் நானும்."

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

"கண் இல்லாத மனிசன் பாலைவனத்திலை என்ன பாக்கப்போறார் எண்டு யோசிக்கிறீர். பாக்கப் போகேல்லை. நடக்கப் போறார்."

பிறகு, முதல் பயணத்தில் அந்த மாலை நடந்ததில் அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னார். சூரியன் இறங்கியதும் செல்லத்துரைக்கு எல்லாம் இருண்டுவிட்டது. நேசம்மா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, விடுதிச் சுவரில் தெரிந்த விளக்கைப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவர் நின்றார்.

"'நேசம், கையை விடும். இங்கை தடக்க ஒண்டுமில்லை' எண்டார். நான் விடமாட்டன் எண்டன். உதறிப்போட்டார். உதறிப்போட்டு நடந்தார், தம்பி. கையை வீசிக்கொண்டு, இளந்தாரி மாதிரி. நான் பின்னாலை 'இடப்பக்கம், வலப்பக்கம்' எண்டு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுறன். அவர் சிரிக்கிறார். இங்கை தம்போயிலை வாசலை விட்டிறங்கினால் வேர், தண்ணிக் கான், வேலி, சேறு. என்ரை கை இல்லாமல் ஒரு அடி வைக்கேலாது. இப்ப நாள் முழுக்கக் கதிரையிலைதான் இருக்கிறார். கதைக்கிறதும் குறைஞ்சுபோச்சு. அங்கை கொண்டுபோனால் நடப்பார்."

வாடிக்கையாளர் முன்னால் கண் கலங்கக் கூடாது என்று ஆபீசில் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தந்தித் தாளை எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இந்தமுறை நிபந்தனை உண்டா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"பொழுதுபடுறதுக்கு முந்தி திரும்பவேணும் எண்டு எழுதாதையும். இருட்டு எனக்குத்தான். நான் அவரைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த ஓட்டல் நல்ல ஓட்டல் என்று தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. இஞ்சினியருக்குத் தொழுவமாக இருந்தது அவர்களுக்கு வீடாக இருந்தது. வருகிறவர் எதைப் பார்க்கப் போகிறார் என்றும் கேட்டுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். சொந்த ஊரில் அவரை எது தடுக்கிறது என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடுங்கள்.

அவர்கள் போய் வந்தார்கள். இறங்கிய வாரமே நன்றி சொல்ல ஆபீசுக்கு வந்தார்கள். செல்லத்துரை கறுத்து, உடம்பு இறுகி, நன்றாக இருந்தார். மனைவிக்கு ஓரடி முன்னால் தலை நிமிர்ந்து உள்ளே நுழைந்தவர், வாசலுக்கும் கவுன்ட்டருக்கும் நடுவே வாடிக்கையாளர்களுக்காக நான் போட்டுவைத்திருந்த நாற்காலியில் முழங்கால் இடித்து அப்படியே நின்றார். ஒரு கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். மற்றக் கையைப் பின்னால் நீட்டினார். நேசம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கு வந்திட்டம்" என்றார் செல்லத்துரை.

அன்று மாலை ஆபீஸ் மூடுவதற்கு முன் அந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டேன். நான் ஓய்வு பெறும்வரை அந்த வழியில் ஒரு பொருளையும் வைக்க விடவில்லை.